மொட்டைக்குக் குறைந்த வாரங்கள்

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகச் சோதனையாளராக இருக்கிறேன். இந்தக் குணம் வேறொருத்திக்கு இருந்தால் நொட்டை சொல்கிறவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, ஏசி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது; ஏன் குறைந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வருடம் எங்களிடம் வந்தது ஒரு பழைய விளையாட்டு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஓடியது. ஒரு முட்டையிலிருந்து மிருகம் ஒன்று பொரிந்து வரும். அதை வாரம் வாரமாக வளர்க்க வேண்டும். தீனி போடலாம், பயிற்சி கொடுக்கலாம், தட்டிக்கொடுக்கலாம், திட்டலாம், தூங்க வைக்கலாம். மாதம் ஒருமுறை மற்ற மிருகங்களோடு பந்தயத்தில் மோதவிடலாம். ஆயுள் முடிந்தால் அது செத்துப்போகும், திரையில் ஒரு வெள்ளைக் கல் மட்டும் நிற்கும். அந்த விளையாட்டைத் துடைத்து மெருகேற்றி, புது மெஷினுக்கு ஏற்றபடி மறுபடி வெளியிடுவதாக ஏற்பாடு.

என் மேஜையில் இரண்டு திரைகள். இடது பக்கம் எங்கிருந்தோ தேடிப்பிடித்த பழைய மெஷின், மஞ்சள் பூத்த மூடியோடு. வலது பக்கம் புதுப் பதிப்பு. பட்டியலில் உள்ளதை இரண்டிலும் ஒரே மாதிரி செய்துவிட்டு, எங்கெங்கே வேறுபடுகிறது என்று பதிவு போட வேண்டும். புதியதில் புல் கூடுதல் பச்சை, மிருகத்தின் தோலில் ரோமம் தனித்தனியாகத் தெரிகிறது, தீனிக் கிண்ணம் பளபளக்கிறது. இதெல்லாம் வேண்டுமென்றே மாற்றியவை. வேண்டுமென்று மாற்றாத ஒன்று மாறியிருந்தால் அது பிழை. அப்படி இருநூற்றுச் சொச்சம் பிழைகள் போட்டிருந்தேன். நிழல் காலுக்குக் கீழே விழாமல் பக்கத்தில் விழுகிறது என்று நான் போட்ட ஒன்றுக்காக இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

திங்கட்கிழமை பெரிய பிழை ஒன்று அகப்பட்டது. ஒரே தீனி, ஒரே பயிற்சி, ஒரே பந்தயங்கள். பழையதில் மிருகம் நூற்று நாற்பத்து மூன்றாவது வாரத்தில் செத்துவிட்டது. புதியதில் அது இருநூற்று அறுபத்து மூன்றாவது வாரம் வரை தின்று கொழுத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. ஒரு மிருகத்தின் ஆயுளே ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. சிவப்பு அடையாளம் போட்டு எதிர் மேஜைக்கு அனுப்பினேன்.

எதிர் மேஜையில் இருப்பவர் ப்ரோக்ராமர். எப்போது பார்த்தாலும் தூங்கி எழுந்தவர் போல இருப்பதால் கொட்டாவி என்று பெயர் வைத்திருக்கிறோம். மனுஷனும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்ப்பார். பதிவைப் படித்துவிட்டு, பழைய மெஷினைத் தன் பக்கம் இழுத்து, நாளைக்குள் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் என் தங்கை போன் பண்ணினாள். குட்டி என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறேன், முப்பத்தாறு வயதாகிறது. பெரிய மருந்துக்கடை ஒன்றில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஒன்றரை வருடமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காட்டியிருந்தார்கள். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வியாழக்கிழமை காலை குழு கூடி முடிவு சொல்லப் போகிறதாம். மூன்று வாரமாகத் தத்து அலுவலகத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, பயமாக இருக்கிறது என்றாள். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு அலுவலர் உன்னைக் கூப்பிட்டார்களே, என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

நல்லதாகத்தான் சொன்னேன் என்றேன்.

அது பொய். குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிப்பது அவர்கள் வழக்கம். அவள் என் பெயரைக் கொடுத்திருந்தாள். அலுவலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா, பொறுமையாகக் கேட்டார்: ஒரு குழந்தையை நம்பி உங்கள் தங்கையிடம் விடலாமா? நான் யோசித்து, நேர்மையாக, நாற்பது நிமிடம் பேசினேன். பாசக்காரிதான், ஆனால் கையில் கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாது என்றேன். உதாரணம் கேட்டார். சின்ன வயதில் ஒரு மிருகம் வளர்த்தோம், மூன்று நாள் அவளிடம் விட்டோம், செத்துவிட்டது என்றேன். அப்புறம் தொட்டியில் காய்ந்த செடி, தொலைத்த சாவி, குடை. வரிசையாக, தேதியோடு, என் தொழிலில் செய்வது போலவே.

கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். 'வளர்ப்புப் பிராணி ஒன்று கவனிப்பின்றி இறந்தது' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை விளையாட்டு என்று யாரும் சொன்னதே இல்லை. மொட்டை செத்தபோது, மொட்டை இருந்தபோது என்றுதான் பேச்சு. பிராணி இல்லை, வீடியோ கேம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆமாம், அதே விளையாட்டுதான். இடது பக்கத் திரையில் பதினைந்து நாளாக ஓடிக்கொண்டிருந்த அதே விளையாட்டு. எனக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. எங்கள் மிருகத்துக்கு உடம்பில் ஒரு முடி கிடையாது, அதனால் மொட்டை. கன்ட்ரோலர் எப்போதும் என் கையில்தான். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா பசிக்குதாம், அக்கா தூக்கம் வருதாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மொட்டை முப்பத்தொரு பந்தயம் ஜெயித்தது, ஒன்றில்கூடத் தோற்றதில்லை. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு எனக்குக் கடுமையான காய்ச்சல். உள் அறையில் படுக்க வைத்துவிட்டார்கள். குட்டி என் பக்கம் வராமல் இருக்க வேண்டும் என்று அம்மா முதல்முறையாகக் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தாள். மூன்றாம் நாள் சாயந்திரம் கதவருகே வந்து நின்றாள்.

"அக்கா, மொட்டை எந்திரிக்க மாட்டேங்குது."

காய்ச்சலோடு எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கல். மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு வாரம் இருந்தது. பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாய் என்று கத்தினேன். போட்டேன், தினமும் போட்டேன் என்று அவள் அழுதாள். அப்பா சிரித்தார், அம்மா அலுத்துக்கொண்டாள். 'அவ கையில குடுத்தா அவ்வளவுதான்' என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் பிறந்த வாக்கியம். அப்புறம் அவளிடம் யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஊருக்குப் போனால் பூட்டுச் சாவி என்னிடம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கக் கை நீட்டினால், அம்மா நடுவில் வந்து வாங்கிக்கொள்வாள். எல்லாம் வேடிக்கையாகத்தான். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாவி என் மேஜைக்கு வந்து, உங்கள் பிழையைக் காணவில்லை என்றார். பழைய மெஷினில் அவர் ஒரு மிருகத்தை, வேகத்தைக் கூட்டி, முட்டையிலிருந்து கடைசி வரை வளர்த்திருக்கிறார். அது இருநூற்று அறுபத்து மூன்றாவது வாரத்தில்தான் செத்தது. புதியதும் அதே. வித்தியாசமே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடத்தில் நான் போட்ட பிழை ஒன்று இல்லையென்று ஆனதில்லை. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டோம். அவர் போட்ட தீனிதான் நான் போட்டதும். அவர் கொடுத்த பயிற்சிதான் நான் கொடுத்ததும். கடைசியில் அவர் அலுத்துப்போய், நீங்கள் என் கண்ணெதிரே விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விளையாடினேன். ஆறாவது பந்தயத்தில் மிருகம் அடி வாங்கிச் சாயப்போனது. என் விரல் தானாகப் போய் ஸ்விட்சை அணைத்தது. மறுபடி போட்டு, சேவ் பண்ணிய இடத்திலிருந்து தொடங்கி, அதே பந்தயத்தை ஜெயித்தேன்.

"இப்ப என்ன பண்ணினீங்க?" என்றார்.

தோற்றால் மிருகம் நாலு வாரம் படுத்துவிடும், பட்டியலில் அடுத்த வரிக்குப் போக முடியாது, நேரம் மிச்சம் என்றேன். இதைப் பதிவில் எழுதவில்லையே என்று கேட்டார். எழுதவில்லை. செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. மூக்கைச் சொறிவதை யாராவது எழுதி வைப்பார்களா?

அவர் உட்கார்ந்து பழைய விளையாட்டின் ப்ரோக்ராமைத் திறந்தார். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். தூக்கக் கலக்கமெல்லாம் முகத்தில்தான், மூளையில் இல்லை. பழைய விளையாட்டு, பந்தயம் தொடங்கும்போது, சேவ் பண்ணியதை வைத்திருக்கும் மெமரி கார்டில் ரகசியமாக ஒரு புள்ளி வைக்கும். பந்தயம் முடிந்ததும் அதை அழித்துவிடும். நடுவில் யாராவது ஸ்விட்சை அணைத்தால் புள்ளி அப்படியே இருக்கும். அடுத்த முறை லோடு ஆகும்போது, தோல்வியை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று விளையாட்டு தெரிந்துகொள்ளும். ஒன்றும் சொல்லாது. மிருகத்தின் ஆயுளில் பன்னிரண்டு வாரத்தைக் கழித்துவிடும். மிருகம் ஒரே ஒரு முறை இருமும். அவ்வளவுதான். புதுப் பதிப்பில் கார்டே கிடையாது. யாரும் கவனிக்காமல் அந்தத் தண்டனையும் போய்விட்டது.

நான் பத்து முறை அணைத்திருக்கிறேன். நூற்று இருபது வாரம். கணக்கு அச்சாகச் சரியாக வந்தது. கொட்டாவி இதில் ரொம்ப மகிழ்ந்துபோனார். எவ்வளவு தந்திரக்காரன் இந்த ப்ரோக்ராமை எழுதிய ஆள், இருபத்தெட்டு வருடமாக ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் என்றால் நூற்று ஐம்பத்தைந்தாவது வாரம். இருநூற்று அறுபத்து மூன்றில் அதைக் கழித்தால் நூற்றெட்டு. ஒன்பது பன்னிரண்டு. முப்பத்தொரு பந்தயம் ஜெயித்த, ஒன்றில்கூடத் தோற்காத மொட்டை, உண்மையில் ஒன்பது முறை தோற்றிருக்கிறது. ஒன்பது முறையும் ஸ்விட்சை அணைத்தவள் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருமல் எனக்கு அப்போதே தெரியும். அணைத்துவிட்டுப் போட்டால் இருமுகிறது என்று பதினொரு வயதில் கவனித்திருக்கிறேன். கவனிப்பதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே. மெஷின் ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியும்போது ஸ்விட்சில் கை வைத்தால் தோலை உரிப்பேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். வெள்ளைக் கல்லைப் பார்த்த அன்று, அதனால் இருக்குமோ என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் கத்தினேன்.

கொட்டாவி கண்டுபிடித்த அன்றே எழுந்து தத்து அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். வியாழக்கிழமை குழு கூடுகிறது என்று தெரியும். ஆனால் ஒருமுறை பார்த்ததை நம்பிப் பதிவு போடக் கூடாது, மூன்று முறை செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமை முழுவதும் பழைய மெஷினில் மிருகங்களை வளர்த்தேன். ஒன்றை ஒன்பது முறை அணைத்தேன், ஒன்றை ஒருமுறைகூட அணைக்கவில்லை, ஒன்றைக் கடைசி வாரங்களில், ஒரு சின்னக் குழந்தை வளர்ப்பது போல, தீனியை மறந்து மறந்து வளர்த்தேன். தீனி போட்டாலும் போடாவிட்டாலும் ஆயுள் ஒரு வாரம்கூட அசையவில்லை. இளைக்கும், முறைக்கும், அவ்வளவுதான். பட்டினியால் அந்த விளையாட்டில் மிருகம் சாகவே சாகாது. தன்னிடம் விட்ட மூன்று நாளில் ஒரு எட்டு வயதுக் குழந்தை மொட்டையைக் கொல்ல நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது.

உண்மையில் நான் பயந்துபோயிருந்தேன். இரண்டாவது வாக்குமூலம் கொடுத்தால், முதலாவதில் என்ன இருந்தது என்று குட்டி கேட்பாள். விண்ணப்பித்தவர்கள் கோப்பைப் படிக்கலாம் என்று அலுவலர் அப்போதே சொல்லியிருந்தார். விதி, சோதனை, மூன்று முறை எல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை.

வியாழக்கிழமை காலை எங்கள் கம்பெனியில் கூட்டம் வேறு. அந்தத் தண்டனையைப் புதுப் பதிப்பில் திரும்பக் கொண்டுவருவதா வேண்டாமா என்று பேசினார்கள். வேண்டாம் என்று கம்பெனிப் பெரியவர் முடிவு சொன்னார். காரணம் தெரியாமல் தண்டனை வாங்கினால் விளையாடுகிறவர்கள் கோபிப்பார்களாம். என் பிழையின் மேல் 'தெரிந்தே விட்ட மாற்றம்' என்று முத்திரை குத்தி மூடினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அலுவலர் அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் சொன்னது தப்பு, மாற்றி எழுத வேண்டும் என்றேன். எது தப்பு என்று கேட்டார். அந்தப் பிராணி விஷயம், அவள் கொல்லவில்லை, நான்தான், அதுவும் பிராணியே இல்லை, வீடியோ கேம் என்று கோர்வையில்லாமல் உளறினேன். அவர் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"நீங்க மட்டும் சொல்லியிருந்தா அக்கா தங்கச்சி மனஸ்தாபம்னு விட்டிருப்போம்மா. உங்க தங்கச்சியும் அதையேதான் சொன்னாங்க."

அவளிடம், உங்கள் கவனக்குறைவால் எதையாவது இழந்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதானாம். முக்கால்வாசிப் பேர் பர்ஸ், மோதிரம் என்று ஏதாவது சொல்லிச் சிரிப்பார்களாம். அவள் சிரிக்கவில்லை. எட்டு வயதில் என்னை நம்பி ஒரு ஜீவனை விட்டார்கள், மூன்று நாளில் சாகவிட்டேன், அதனால்தான் இத்தனை வருடம் எதையும் வளர்க்கத் துணியவில்லை, இப்போது மாறிவிட்டேன் என்று நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அவர் திருப்பிக் காட்டினார். தனித்தனியாக வந்த இரண்டு பேர் ஒரே குற்றத்தை ஒரே மாதிரி சொல்லும்போது, குழுவில் இருப்பவர்கள் எப்படி நம்பாமல் இருப்பார்கள்?

காலை பத்தரைக்கே முடிந்துவிட்டது என்றார். இந்தக் குழந்தையை வரிசையில் அடுத்து இருந்த தம்பதிக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதை இனி மாற்ற முடியாது, அவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. உங்கள் தங்கை ஆறு மாதம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அதற்கு வேண்டுமானால் இது உதவும் என்று ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன். ஒன்பது முறை ஸ்விட்சை அணைத்தது, இருமல், காய்ச்சல், அப்பா, 'பிராணி' என்று இருந்ததைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டது, எல்லாம். கூடவே, பதினோரு வருடமாக மருந்துக்கடையில் ஆயிரக்கணக்கான பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், ஒன்றுகூட மாறிப் போனதில்லை என்றும் எழுதினேன். இது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம். நாற்பது நிமிடம் பேசிய அன்று இது என் பட்டியலில் இல்லை. என் வீட்டிலும் செடி காய்ந்திருக்கிறது, அதுவும் பட்டியலில் இல்லை.

குட்டி வீட்டுக்குப் போனபோது சாயந்திரம் ஆகிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. சின்ன அறையில் சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களை நகத்தால் சுரண்டிப் பிய்த்துக்கொண்டிருந்தாள். 'பால் சூடு பார்', 'ஜன்னல் கொக்கி', 'மருந்து எட்டாத இடத்தில்' என்று தன் கையெழுத்தில் தனக்கே எழுதி ஒட்டியிருந்தாள். கட்டிலில் சின்னச் சின்னக் கவுன்கள் கடை மடிப்புக் கலையாமல் ஒரு பையில் அடுக்கியிருந்தன. அழுதிருக்கிறாள், ஆனால் அழுகை முடிந்து முகம் கழுவியாகிவிட்டது.

"நல்லதாப் போச்சுக்கா" என்றாள். "என்கிட்ட வந்து அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா? அவங்களுக்குத் தெரியும். எத்தனை பேரைப் பார்த்திருப்பாங்க."

நின்றபடியே சொன்னேன். அலுவலரிடம் முதலில் என்ன சொன்னேன் என்பதிலிருந்து தொடங்கி, இரண்டு திரை, கொட்டாவி, புள்ளி, பன்னிரண்டு வாரம், தீனிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது வரை. அவள் காகிதம் சுரண்டுவதை நிறுத்தவில்லை. பாவம், எனக்காக எவ்வளவு கற்பனை பண்ணியிருக்கிறாய் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைச் சமாதானப்படுத்த இதெல்லாம் எதற்கு, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். வாக்குமூலத்தின் நகலைக் காட்டினேன், பார்க்கவில்லை. சோதனைக் குறிப்புகளைக் காட்டினேன், எனக்கு இதெல்லாம் புரியாது என்றாள். முப்பது வருடமாக நான் சொன்ன எந்தக் குறைக்கும் இவள் அத்தாட்சி கேட்டதில்லை. அது குறையில்லை என்று சொல்ல வந்தால் எந்த அத்தாட்சியும் போதவில்லை.

கடைசியில், அணைத்துவிட்டுப் போட்டால் ஒருமுறை இருமும் என்றேன்.

அவள் கை நின்றது.

"ஆமா. இருமும்" என்றாள் மெதுவாக. "எனக்கு அப்ப சளி. என்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். அந்த மூணு நாளும் வாயில கைக்குட்டையைக் கட்டிக்கிட்டுதான் டிவி முன்னாடி உட்கார்ந்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தாள். பையைத் தள்ளி வைத்துவிட்டு, நகலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போல, வரிக்கு வரி விரல் வைத்து. முடித்ததும் மேலே போய் மறுபடி படித்தாள். எனக்கு உட்காரத் துணிவில்லை. அவள் இப்போது அழுவாள், திட்டுவாள், அதை வாங்கிக்கொண்டு தோளில் கை வைக்கலாம் என்று காத்திருந்தேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

சோதனைக் குறிப்புகளைப் பைக்குள் திணித்தேன்.

"புதன்கிழமை என்ன பண்ணினே?"

"சரிதானான்னு இன்னும் ரெண்டு மூணு தடவை பார்த்தேன். தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னு."

அவள் காகிதத்தை நாலாக மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். என்னிடம் திருப்பித் தரவில்லை. அக்கா என்று கூப்பிடவும் இல்லை.

"என்னைப் பத்திச் சொல்லப் போனியே, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பார்த்தியா?"

பார்க்கவில்லை என்றேன். அவள் எழுந்து வாசல் வரை வந்து, நான் செருப்பு மாட்டும் வரை நின்றாள். நான் வெளியே காலை வைத்ததும் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.